கோகிலா பாத்தாச்சுன்னா சரி

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வாயைத் திறந்தால் சண்டை வருகிறது. அதனால் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மகள் சவிதா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த டைரி, மளிகைச் சாமான் எழுதக்கூட எடுக்காமல் கிடந்தது.

சண்டைக்குக் காரணம் தட்டான். தட்டான் என்பது எங்கள் விமானம். எங்கள் ஊர் கணபதியில், எங்கள் பம்ப்செட் பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு நானும் இவரும் ஒன்பது வருஷமாகக் கட்டியது. இரண்டு பேர் உட்காரலாம். பாலிடெக்னிக்கில் மெஷின் டிசைன் நடத்தியவள் நான், அதனால் வரைபடமும் கணக்கும் என்னுடையது. தகடு வெட்டுவது, வளைப்பது, பறப்பது எல்லாம் இவர். ரிவெட் அடிக்கும்போது இந்தப் பக்கம் இவர் அடிக்க, அந்தப் பக்கம் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு நான் நிற்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது அந்த ஷெட்டில்தான்.

இன்று முத்தனூர் ஓடுபாதையில் பறந்தபோது பெங்களூர்க்காரர் ஒருவரின் ஃபைபர் விமானம் தட்டானைச் சர்ரென்று தாண்டிப் போனது. இறங்கி வந்த இவருக்கு முகமே சரியில்லை. நம்முளுது மாட்டுவண்டியாட்டப் போகுது என்றார். தீபாவளி கழிந்த ஞாயிறு முத்தனூரில் வேகப் பந்தயம் வைக்கிறார்கள். அணைக்கட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் தட்டானின் வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டுமாம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கூட்டின வேகத்தில் வால் கழன்று போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீ எப்பவுமே இப்படித்தான் என்று ஆரம்பித்தார். நானும் சும்மா விடவில்லை. வீடு வந்து சேரும்வரை காருக்குள் ஒரே ரகளை. கோபத்தில் ராத்திரிக்கு ரசம் வைக்கவில்லை. மோர் சோறும் ஊறுகாயும் போட்டேன், சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

சமாதானம். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, அந்த பெங்களூர்க்காரர் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போனது எனக்கும் எரிச்சல்தான்.

விமானத்தை வேகமாக்க இரண்டு வழி உண்டு. பெரிய எஞ்சினைப் போட்டு முரட்டுத்தனமாகத் தள்ளுவது ஒன்று. காற்று எங்கெங்கே போய் இடிக்கிறதோ அங்கெல்லாம் வழித்துவிடுவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சம்மதம். சக்கரங்களுக்கு உறை போடுவோம். இறக்கைக்கும் அதன் மடல்களுக்கும் நடுவில் உள்ள சந்துகளை அடைப்போம். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைக் கொஞ்சம் சின்னதாக்குவோம். கடைசியாக, வேகத்துக்கு ஏற்ற புது ப்ரொப்பெல்லர்.

ஆனால் நிபந்தனை போட்டேன். வேக மீட்டரில் மணிக்கு 240 கிலோமீட்டருக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதைத் தாண்டவே கூடாது. ஏன் என்று இவருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வாலின் பின்பக்கம் ஏறி இறங்கும் மடல்தான் மூக்கை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும். அந்த மடலின் எடை அதன் கீலுக்கு முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் முன்பக்கம் காரீயம் வைத்துக் கட்டியிருக்கிறோம். பின்பக்கம் கனம் கூடிவிட்டால், அதிவேகத்தில் மடல் கொடி மாதிரி படபடக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் நிற்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வால் பிய்ந்துவிடும்.

கோட்டைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் முறையாகச் சோதிக்க வேண்டும். நல்ல உயரத்துக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து, அதுவும் தனியாக, பாராசூட் கட்டிக்கொண்டு. பக்கத்து சீட்டில் ஒரு ஈ காக்கா உட்காரக் கூடாது. அதெல்லாம் பந்தயத்துக்கு அப்புறம் நிதானமாகச் செய்யலாம் என்றேன். "நீ சொன்னாச் சரிதான்" என்றார். வாய் நிறையச் சிரித்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றைய கொழுக்கட்டை மிச்சம் இருந்ததை ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். மாரப்பன் பாதியைத் தின்றுவிட்டு, பூரணத்தில் ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது என்று குறை வேறு சொன்னார். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களோடு இருப்பவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. சக்கர உறை அச்சிலிருந்து அழகாக வந்துவிட்டது. கையெல்லாம் ரெசின் ஒட்டி, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

அதே எஞ்சின், முடுக்கியைத் திருகியதும் அதே அளவுதான். முன்பு 180இல் போனது இன்று 205இல் போனது! கீழே நின்று பார்த்தபோதே தெரிந்தது, சத்தமே வேறு. எஞ்சின் சூடு மட்டும் கொஞ்சம் ஏறியது. காற்று வாயை ஒரு விரல் அகலம் திரும்பப் பெரிதாக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

இறங்கி வந்தவர் எல்லோர் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினார். ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் தாமோதரன் அண்ணன், விமானப்படையில் இருந்தவர், லேசில் யாரையும் புகழமாட்டார். அவரே வந்து, "அம்மிணி, இது உங்க கைங்கரியம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரும் வழியில் ஒரு ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். இவர் பில்லைக் கூடப் பார்க்காமல் கொடுத்தார். சந்தோஷமான நாள்.

அக்டோபர் 4, வெள்ளி

கரூரில் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஒரு வாரம் போய் இருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வருகிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினுக்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும். லேத், ட்ரில்லிங் மெஷின், சாமானை இடுக்கிப் பிடிக்கும் வைஸைக்கூட விடமாட்டார்கள். அதனால் கிளம்பும் முன்னால் இவரையும் மாரப்பனையும் நிற்கவைத்துச் சொன்னேன். தட்டானுக்கு என்ன கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், வால் மடலைத் தொடாதீர்கள். பெயிண்டுக்கும் கனம் உண்டு. அடித்தால் மறுபடி கழற்றி எடை பார்க்க வேண்டும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையில் கரூரிலிருந்து வந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். தட்டான் நெருப்புச் சிவப்பில் பளபளவென்று நிற்கிறது. நெற்றியில் சந்தனம், குங்குமம். இரண்டு இறக்கையிலும் வாழைக்கன்று. பார்க்கக் கண் கொள்ளவில்லை, நிஜம்தான். சுற்றிப் பின்னால் போனேன். வால் மடலும் சிவப்பு.

மடலில் ஒரு சின்ன நெளிவு இருந்ததாம். பட்டி போட்டு நிரவி, தேய்த்து, அதன்மேல் இரண்டு கோட்டிங், அதற்கும் மேல் பளபளப்புக்கு ஒரு கோட்டிங். மொத்தமும் சிவப்பாக இருக்கும்போது வால் மட்டும் வெள்ளையாக இருந்தால் மூளியாகத் தெரியும் என்கிறார். பூஜை நேரம், சுற்றிலும் ஆட்கள், பொரிகடலை கொடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். மாரப்பன் என் பக்கமே வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கத்தித் தீர்த்தேன். இவரும் ஒத்துக்கொண்டார். தப்புத்தான், மடலைக் கழற்றிக் கத்திமுனையில் நிறுத்தி எடை பார்த்து, பின்பக்கம் தொங்கினால் முன்பக்கம் காரீயம் சேர்த்துவிடுகிறேன் என்றார். நானே செய்கிறேன் என்றேன். சரி, நாளைக்குச் சேர்ந்து செய்வோம் என்றார்.

கரூரில் அக்கா வீட்டில் கொசுத் தொல்லை. உடம்பு அனலாக இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

சிக்குன்குனியா. விரல் மடங்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பேனா பிடிக்க முடிகிறது, பல் தேய்க்க முடியவில்லை. இவர் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 19, சனி

இடியாப்பம் வாங்கி வந்து, தேங்காய்ப் பால் பிழிந்து, கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்தார். தேங்காய்ப் பால் பிழியத் தெரியும் என்பதே எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

வால் மடல் என்னாயிற்று என்று கேட்டேன். "பாத்தாச்சு" என்றார். சரியாக நின்றதா என்றேன். "அதான் பாத்தாச்சுங்கறன்ல, நீ தூங்கு." தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

முதல் முறையாக ஷெட் வரைக்கும் நடந்தேன். முட்டி இரண்டும் என்னைத் திட்டின. குனியவோ, விமானத்துக்குள் ஏறவோ முடியாது, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். புது ப்ரொப்பெல்லர் மாட்டியாகிவிட்டது. வாலைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள், தூசி படாமல் இருக்க.

மாரப்பனிடம் மடலைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். "மொதலாளி பாத்தாருங்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனவர் நான் கிளம்பும்வரை வரவில்லை.

எடை சரிக்கட்ட நான் எடுத்து வைத்திருந்த காரீயக் கட்டி சன்னல் மேடையில் அப்படியே இருந்தது. வேறு கட்டி வாங்கியிருப்பார்.

அக்டோபர் 27, ஞாயிறு

தாமோதரன் அண்ணன் போன் செய்தார். உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, நீங்க பாத்துட்டீங்கன்னு கேட்டதும் மனசுக்கு நிம்மதியாப் போச்சு அம்மிணி என்றார். டாக்டரைப் பார்த்ததைச் சொல்கிறார் போல. நல்ல மனிதர்.

இவர் பக்கத்தில்தான் நின்றார். யாரு, அண்ணனா, என்னவாம் என்று இரண்டு தடவை கேட்டார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

சவிதா வந்திருக்கிறாள். வீடே கலகலவென்று இருக்கிறது. முறுக்குப் பிழிய எனக்குக் கையில் வலு இல்லை, அவளே பிழிந்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டு வரைபடம் மாதிரி இருந்தது, ருசிக்குக் குறைவில்லை.

அவளுக்கு அப்பா என்றால் உயிர், ஆனால் அப்பா கை வைத்த எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் இவரே ரிப்பேர் செய்து ஓட்டிய ஸ்கூட்டரிலிருந்து பிரேக் பிடிக்காமல் விழுந்து முழங்கையில் தையல் போட்டது. அதிலிருந்து குக்கரோ, கீசரோ, மோட்டாரோ, இவர் எதை ரிப்பேர் செய்தாலும், "அம்மா பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். சொந்தக்காரர்கள் வரைக்கும் இது கேலிப் பேச்சு. கோகிலா பாத்தாச்சுன்னா சரி என்று கல்யாண வீட்டில் சாம்பாரைக்கூட என்னிடம் நீட்டுவார்கள்.

நவம்பர் 2, சனி

பந்தயத்தில் 225க்கு மேல் போகமாட்டேன் என்று இவர் சாமி படத்துக்கு முன்னால் சொன்னார். தனியாகத்தான் பறப்பார். சவிதாவும் நானும் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்போம். புளிசாதம் கட்ட வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் முத்தனூரில் நல்ல கூட்டம். கழிப்பறை அந்தக் கோடியில். என் முட்டியை வைத்துக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் தட்டான் ஓடுபாதையில் ஓட ஆரம்பித்துவிட்டது. நாற்காலியில் சவிதாவின் துப்பட்டா மட்டும் கிடந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு தலை தெரிந்தது.

கத்தினேன். யாருக்குக் கேட்கும்? தாமோதரன் அண்ணனிடம் ஓடினேன், ஓடினேன் என்றால் காலை இழுத்துக்கொண்டு போனேன். ரேடியோவில் இறங்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். அதற்குள் அணைக்கட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது கடைசி மைலில் மூக்கைக் கீழே சாய்த்து வேகம் எடுத்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், 225 இல்லை அது. எங்கள் தலைக்கு மேலே வரும்போது தட்டானின் வால் மங்கலாகத் தெரிந்தது. வால் ஆடுவதைத்தான் கண் மங்கலாகக் காட்டியது. கூடவே தகரக் கொட்டகையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

எஞ்சினை அணைத்து மூக்கைத் தூக்கிவிட்டார். அதுதான் சரி, அதைச் செய்யத்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் நின்றது. தள்ளாடித் தள்ளாடி வந்து ஓடுபாதையின் கடைசியில் இறங்கி, புல்லுக்குள் போய் நின்றது.

சவிதாவை இறக்கினார்கள். முகம் வெளுத்து, வாயெல்லாம் வாந்தி. என்னைப் பார்த்தாள், என்னிடம் வரவில்லை. தாமோதரன் அண்ணன் மனைவியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் வாலைப் பார்த்தேன். வால் மடலின் வலப்பக்கப் பின்விளிம்பு கிழிந்து தொங்கியது. ஒரு கீலில் விரிசல். இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தால் மடல் மொத்தமும் போயிருக்கும். கிழிந்த இடத்தில் பட்டி கட்டி கட்டியாகப் பெயர்ந்திருந்தது. முன்பக்க மூடியைத் திறந்தேன். போன வருஷம் நான் உருக்கி ஊற்றிய காரீயம் மட்டும்தான் இருந்தது. அதற்குமேல் ஒரு குண்டுமணி கனம்கூடச் சேர்க்கவில்லை.

பிறகு கூண்டுக்குள் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தேன். சிவப்புக் கோடு 240இல் இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு 270இல் போட்டிருந்தார். பூஜைக்கு வாங்கின அதே சிவப்புப் பெயிண்ட்.

நவம்பர் 4, திங்கள்

சவிதா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். லீவு இன்னும் இருக்கிறது. பையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்று என்னைக் கேட்டாள்.

"நீ எப்படிம்மா விட்ட? அப்பாவைப் பத்தித் தெரியும். நான் ஏறவே மாட்டேன்னுதான் சொன்னேன். அம்மாதான் எல்லாம் பாத்தா, உன்னையக் கூட்டிட்டுப் போகச் சொன்னதே அவதான்னு அப்பா சொன்னாரு. நீ பாத்தேன்னுதான் ஏறினேன். ஏன் ஒரு தடவை ஒழுங்காப் பாக்கல?"

இவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் இவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன். பேப்பரை மடித்தார், விரித்தார்.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்பன் என்று ஒருவன் வேண்டும், அதுவும் செத்துப் பிழைத்து வந்த மறுநாள். அந்த ஒரு நினைப்பில் நாக்கு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் எழுந்து போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

தாங்க முடியவில்லை. வால் பிய்வதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது, அந்தப் பேப்பரை மடித்ததைத் தாங்க முடியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று இவர் பேசினார். நானே கேட்டுவிட்டேன், பாத்தாச்சு என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"பொய் எங்க சொன்னேன்? பாத்தேன். கழட்டி நிறுத்திப் பாத்தேன். பின்னாடி கொஞ்சம் தொங்குச்சு. பாத்தாச்சுன்னுதான சொன்னேன், சரி பண்ணியாச்சுன்னு சொன்னனா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டறையில் பாத்தாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் டீ வாங்கப் போகிற பையனுக்குத் தெரியும். பார்த்து, குறை இருந்தால் தீர்த்து, என் பொறுப்பு என்று சொல்வதுதான் பாத்தாச்சு. இந்த மனிதர் அந்த வார்த்தைக்குள் ஒரு சந்து கண்டுபிடித்து, அதற்குள் என் மகளை உட்கார வைத்திருக்கிறார்.

சரி செய்யப் போனால் காரீயம் உருக்கி, திரும்ப மாட்டி, கீல் பொருத்தி, ஒரு வாரம் போய்விடும், பந்தயம் தவறிவிடும் என்று பயந்தாராம். சவிதாவை ஏன் ஏற்றினீர்கள் என்றேன். பிள்ளை ஒரு தடவையாவது அப்பாவை நம்பி ஏறட்டும் என்று ஆசையாக இருந்ததாம். நம்பி ஏறியது உங்களையா என்று கேட்டேன்.

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாளைக்கு முத்தனூரில் விசாரிக்கிறார்கள். நீ பார்த்ததாகவே சொல்லிவிடு, கீல் பழசு, அதனால் விரிசல் விட்டது என்று முடித்துவிடலாம், பெயிண்ட் அடித்த பிறகு கனத்தைச் சரிக்கட்டாதது நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, மாரப்பன் பேசமாட்டான் என்றார். நீ சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமையைக் கேட்டதும்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு மாதமாக இவர் போட்டது இடியாப்பம் இல்லை, தூண்டில்.

நவம்பர் 6, புதன்

தாமோதரன் அண்ணனின் அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சொந்தமாக விமானம் கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள். டீயும் போண்டாவும் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. இவர் பேசினார். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது, கீல் பழசு, எல்லாமே கோகிலா பார்த்துச் சொன்ன பிறகுதான் என்றார். பிசிறில்லாமல் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஓடுபாதையத் திறந்து விட்டேன். ரெண்டு பேர் ஏறலாமான்னு கேட்டதுக்கும் உங்க பேரைத்தான் சொன்னாரு. நீங்க பாத்தீங்ளா?"

"இல்லீங்கண்ணா" என்றேன். "பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் அந்த மடல நான் தொடவே இல்ல. கனம் பின்னாடி தொங்குதுன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏத்தினாரு. செவப்புக் கோட்டையும் இவருதான் தள்ளி வெச்சாரு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குப் போன் செய்தபோதே உங்களிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும், என் மேலும் தப்பு என்றார். இவர் இனி முத்தனூரில் பறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. தட்டானை லாரியில் ஏற்றி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வரும் வழியில் சிக்னலில் நின்றபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பத்துப் பேர் முன்னாடி புருசனைக் காட்டிக் குடுத்துப்போட்டியே கோகிலா."

நான் காட்டிக் கொடுத்தேனாம். நான்.

சவிதாவுக்கும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். அதுதான் பயம். இல்லை என்றேன். அவளுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருப்பேன் என்றேன். சரி என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

தட்டான் ஷெட்டுக்கு வந்துவிட்டது. இறக்கை கழற்றி லாரியில் வந்தது. போய்ப் பார்க்கவில்லை. மாரப்பன் வாசலில் வந்து நின்று அழுதார். மொதலாளி சொல்லக் கூடாதுன்னாருங் என்றார். உங்கள் பேத்தியை ஏற்றியிருந்தாலும் சொல்லாமல் இருந்திருப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். பாவம், அப்படியே போய்விட்டார். எனக்கு இப்போது யார் மேலும் இரக்கம் வரவில்லை.

சவிதாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருக்கிறேன் என்று ஒரு மெசேஜ்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையிலிருந்து இவர் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் நான் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. கூடத்தில் இவர் குரல் கேட்டது. சவிதாவிடம்தான் பேசுகிறார். கையில் கீரையோடு அப்படியே நின்றேன். வேலை எப்படி, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, தலை சுற்றல் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார். சரி, இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் இவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"அம்மா மேல கோவத்தை வெச்சுக்காத அம்மிணி" என்றார். "அவளுக்கும் காச்சலு, கை காலெல்லாம் வலி. ஏதோ பாக்கறதுல விட்டுப்போட்டா. மனுசங்கதான. அப்பா அவள ஒரு வார்த்த கேட்டனா பாரு. நானே மன்னிச்சுப்போட்டேன், நீயும் விட்டுரு."

கீரையை வைத்தேன். கூடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தார், அணைக்கத்தான் எடுத்தார். அதற்குள் நான் வாங்கிவிட்டேன்.

"சவிதா, அம்மா பேசறேன். எங்கயாவது உக்காந்துக்கோ."